ஆறாவது ஸ்க்ரூவின் சிவப்புக் கோடு

மூன்று ஓலைகள் – அத்தியாயம் 9

அந்தக் கம்ப்யூட்டர் கண்ணில் பட்டு அறுபத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது.

ரெனிட்டா எண்ணி வைத்திருந்தாள். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது, கூடத்து மூலையில் இஸ்திரி போடும் மேசை மேல் அது உட்கார்ந்திருந்தது. இப்போது வியாழன் காலை ஏழு மணி. மூன்று நாளாகத் தரையில் போர்வை விரித்துத்தான் துணிகளுக்கு இஸ்திரி நடக்கிறது. கம்ப்யூட்டர் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு மட்டும் நேரான பதில் வரவில்லை.

"எஸ்.பி. ரோடு, அக்கா. பெங்களூரு. எத்தன தடவ சொல்றது?" என்றான் தம்பி மேக்ஸ்வெல், பல் தேய்த்துக்கொண்டே.

"எஸ்.பி. ரோட்டுல பழைய கம்ப்யூட்டர் கடை நூறு இருக்கு. எந்தக் கடை?"

"கடைக்குப் பேரெல்லாம் கெடையாது. மாடிப்படிக்குக் கீழ ஒருத்தர் உக்காந்திருப்பாரு. 'சொல்ப கம்மி மாடி அண்ணா'ன்னு கன்னடத்துல ஒன்றரை மணி நேரம் கெஞ்சி, வெலையக் கொறச்சு வாங்கினேன்."

"பில்லு?"

"மாடிப்படிக்குக் கீழ பில்லா? குவாலிட்டி மேடம், இது உங்க கம்பெனி இல்ல."

அவனுக்கு இருபது வயது. பி.சி.ஏ. இரண்டாம் வருடம். கேம் விளையாடி, விளையாடுவதைப் பதிவு செய்து, வீடியோவாகப் போட வேண்டும் என்பது பள்ளிக்கூட நாளில் இருந்தே அவனுக்கு இருந்த ஆசை. பாகங்களைப் பற்றிக் கேட்காமலேயே ஒப்பிப்பான். பிராசஸர், ஏதோ ஆபீஸில் கழித்துப்போட்ட மெஷினில் இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டு பழையது, ஆனால் ரெக்கார்டு செய்வதற்கென்று அதற்குள்ளேயே தனிப் பகுதி உண்டு, அதனால் விளையாட்டு திக்காது. பவர் சப்ளை மட்டும் புதுசு. "அதுல கஞ்சத்தனம் பண்ணா வீடு பத்திக்கும்" என்பான்.

யார் இதையெல்லாம் மாட்டியது என்று கேட்டால் மட்டும் அவன் கண் வேறு பக்கம் போகும்.

"நான்தான்," என்பான். சொல்லிவிட்டு உடனே எழுந்து போய்விடுவான்.

ரெனிட்டாவுக்கு மூன்று நாளாக ஒரு சந்தேகம் இருந்தது. அதற்குக் காரணம் உண்டு.

அவள் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு, சிப்காட்டில் கம்ப்யூட்டர் போர்டு அசெம்பிள் செய்யும் கம்பெனி ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள். தேறாத போர்டின் மூலையில், ஸ்க்ரூ துளைக்குப் பக்கத்தில், சிவப்பு மையால் ஒரு கோடு இழுப்பது அவள் வேலை. கோடு விழுந்த போர்டு வெளியே போகக் கூடாது. கம்பிக் கூண்டுக்குள் பூட்டி வைத்து, மாதம் ஒருமுறை நொறுக்க அனுப்புவார்கள். இரண்டு வாரத்துக்கு முன் அந்தக் கூண்டில் இருந்து பதினெட்டு போர்டுகள் காணாமல் போயின. கூண்டுப் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து ரெனிட்டாவுடையது. அந்த வாரம் முழுக்க அவளைக் கூட்டிப்போக கேட்டில் வந்து நின்று, செக்யூரிட்டியோடு கதை அளந்துகொண்டிருந்தவன் மேக்ஸ்வெல்.

செவ்வாய்க்கிழமை காலை கம்ப்யூட்டரின் மேல் தூசி துடைக்கும்போது, பக்கவாட்டுத் தகரத்தின் காற்றோட்ட ஓட்டை வழியாக அவள் உள்ளே பார்த்தாள். மதர்போர்டின் மூலையில் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? போன ஞாயிற்றுக்கிழமைப் பூசையில்தான் அவளுடைய கல்யாண அறிவிப்பின் முதல் ஓலையை வாசித்தார்கள். மாப்பிள்ளை மத்தூர்க்காரர். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள்" என்று சாமியார் வாசித்தபோது கோயிலே திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தது. இன்னும் இரண்டு ஞாயிறு, இரண்டு ஓலை. அதற்குள் தம்பி திருடன் என்று தெரிய வந்தால்? கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகும். மத்தூருக்குத் தெரிந்தால் எல்லாமே போகும். தெரிந்தும் மறைத்தால் அவளும் அதில் கூட்டு.

"ஏன்டி மரம் மாதிரி நிக்கிற? பஸ் போயிடும்," என்றாள் அம்மா மேரிராணி. அவள் பாகலூர் ரோட்டில் ரோஜாப் பண்ணையின் பேக்கிங் ஷெட்டில் வேலை செய்கிறாள். விரல்களில் எப்போதும் இரண்டு பிளாஸ்திரியாவது இருக்கும். இன்று மூன்று.

"அப்பா போயாச்சா?"

"அஞ்சேகாலுக்கே. ஏ ஷிப்ட்டு இல்ல? இன்னைக்கும் பாதி டம்ளர் டீதான். முழுசா ஊத்துனா கோவம் வருது மனுசனுக்கு. சக்கர கிக்கர வந்துடுச்சோ என்னவோ." மேரிராணி வாளியில் இருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து விரித்தாள். "இத பாரு இந்தக் கூத்த. கம்பெனிச் சட்டையில மெழுகு. கைப்பக்கம் பூரா சொட்டிருக்கு. இந்த வாரத்துல ரெண்டாவது தடவ. வண்டி செய்யுற கம்பெனியில மெழுகுவத்தியா செய்யுறாங்க?"

"கேக்க வேண்டியதுதான?"

"கேட்டேன். சிரிக்கிறாரு. சேசுவே, இந்த வீட்டுல எதக் கேட்டாலும் ஒண்ணு சிரிக்கிறாங்க, இல்ல எந்திரிச்சுப் போறாங்க."

மேக்ஸ்வெல் எழுந்து போனான்.

ரெனிட்டா அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டினாள். சாப்பாட்டு டப்பாவைப் பையில் வைத்தாள். ஏழு நாற்பதுக்கு அம்மாவோடு சேர்ந்து படி இறங்கினாள்.

இன்று அவளுக்கு வேலை இல்லை. போன மாதம் ஒரு ஞாயிறு வேலை செய்ததற்குப் பதில் விடுப்பு. அதை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. இருபத்தைந்து வயதில் முதல்முறையாக, வேலைக்குப் போவதுபோல் வேஷம் போட்டுக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறாள். 

அம்மாவை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, தெரு முனையில் இருந்த காய்கறிக் கடைக்குள் ஒதுங்கினாள். அங்கிருந்து பார்த்தால் வீட்டு வாசல் தெரியும். மேக்ஸ்வெல் காலேஜுக்குக் கிளம்ப எட்டரை ஆகும். அதுவரை முட்டைக்கோஸைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா பாப்பா, கோஸுக்கும் இன்ஸ்பெக்‌ஷனா?"

திரும்பினாள். ஆஞ்சப்பன். அப்பாவோடு ஒரே லைனில் வேலை பார்ப்பவர். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், அவளிடம் தமிழ். லுங்கி கட்டி, கையில் பால் பாக்கெட்டோடு நின்றார்.

"சும்மா பார்த்தேன் மாமா. நீங்க லீவா?"

"லீவெல்லாம் ஏது? பி ஷிப்ட்டு. ரெண்டு மணிக்குத்தான் போவணும்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அண்ணன் எப்படிருக்காரு இப்ப? பரவால்லீங்களா?"

"நல்லாதான் இருக்காரு. இன்னைக்கு ஏ ஷிப்ட் போயிருக்காரே."

ஆஞ்சப்பனின் கையில் பால் பாக்கெட் ஒரு நொடி அசையாமல் தொங்கியது.

"ஆமாமா," என்றார். "ஏ ஷிப்ட்டு. போயிருப்பாரு, போயிருப்பாரு. நான்தான் மறந்துட்டேன். வயசாவுது பாரு." சில்லறையைக்கூட வாங்காமல் நடந்தார். பத்தடி போய் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவள் பார்ப்பதைக் கண்டதும் வேகமாக நடந்தார்.

அப்பாவின் லைனில் அறுபது பேர். ஷிப்ட் மாறினால் அறுபது பேரும் ஒன்றாகத்தான் மாறுவார்கள். இது அவளுக்குச் சின்ன வயதில் இருந்தே தெரியும். ஆஞ்சப்பன் மாமா பி ஷிப்ட் என்றால் அப்பாவும் பி ஷிப்ட்தான். ஓவர்டைம் ஏதாவது இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரு நாளைக்கு ஒரு சந்தேகம் போதும்.

எட்டு முப்பத்திரண்டுக்கு மேக்ஸ்வெலின் பைக் தெருவைக் கடந்தது. காலேஜ் இருப்பது இடப்பக்கம். பைக் வலப்பக்கம் திரும்பியது.

ரெனிட்டா வீட்டுக்கு ஓடினாள்.

தெருவை இருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டுப் பூட்டைத் திறந்தாள். கதவைச் சாத்தினாள். செருப்பைக் கழற்றி உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். சமையலறை டப்பாவில், குக்கர் கைப்பிடியை முடுக்க அம்மா வைத்திருக்கும் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு ஸ்க்ரூ. கழற்றினாள். தகரம் சத்தம் போடாமல் வந்தது.

உள்ளே எல்லாம் ஒழுங்காக இருந்தது. வயர்கள் ஓரமாகக் கட்டப்பட்டிருந்தன. மதர்போர்டில் ஆறு ஸ்க்ரூ. ஆறின் மீதும் சிவப்புக் கோடு.

ஒரு போர்டுக்கு ஒரு கோடுதான். ஆறு கோடு எதற்கு?

மொபைல் டார்ச்சைப் போட்டு நெருங்கிப் பார்த்தாள். கம்பெனியில் லென்ஸ் வைத்துப் பார்ப்பதுபோல் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். கோடு போர்டில் மட்டும் இல்லை. ஸ்க்ரூவின் தலையில் தொடங்கி, அதன் விளிம்பில் இறங்கி, போர்டில் போய் முடிந்தது. அவள் இழுக்கும் கோடு ஸ்க்ரூ மாட்டுவதற்கு முன்பே விழுவது. அது தலைமேல் ஏறாது. இது மாட்டி முடித்த பிறகு போட்ட கோடு.

அப்படியென்றால் இது கூண்டில் இருந்து வந்த போர்டு இல்லை.

மூன்று நாள் சந்தேகம் கொஞ்சம் அசைந்தது. ரெனிட்டா மேசையில் கைகளை ஊன்றிக்கொண்டு, சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தாள். தம்பியை மூன்று நாளாக மனதுக்குள் திருடன் என்று அழைத்திருக்கிறாள். சோற்றில் அவனுக்கு முட்டை வைக்கும்போதுகூட.

ஆனால் அவன் பொய் சொன்னது உண்மை. காலேஜுக்குப் போகாமல் வலப்பக்கம் திரும்பியதும் உண்மை. மாட்டி முடித்தபின், இந்த வீட்டில், இந்தக் கூடத்தில் உட்கார்ந்து யாரோ ஆறு கோடு இழுத்திருக்கிறார்கள். யார்?

கோடுகளை வரிசையாகப் பார்த்தாள். முதல் மூன்றும் நேர். நான்காவது சாய்ந்திருந்தது. ஐந்தாவது நெளிந்திருந்தது. ஆறாவது ஸ்க்ரூவின் தலையில் பாதியைத்தான் தொட்டது. மீதி போர்டில் சிதறியிருந்தது, எறும்பு மையில் கால் வைத்து நடந்ததுபோல.

ஒரே ஆள் போட்ட கோடுகள்தான். பேனாவின் அகலம் ஒன்று, மை ஒன்று. ஆனால் போகப் போக ஏதோ ஆகியிருக்கிறது.

அவள் கம்ப்யூட்டரை ஆன் செய்தாள். பாஸ்வேர்டு அவனுடைய பிறந்த தேதிதான். அதைக்கூட மாற்றத் தெரியாத திருடன்.

திரையில் 'கை' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே மூன்று வீடியோ. திங்கள் பதினொன்று இருபது. செவ்வாய் ஒன்பது நாற்பது. புதன் ஒன்பது முப்பத்தைந்து. அவளும் அம்மாவும் வேலையில் இருந்த நேரங்கள்.

புதன்கிழமை வீடியோவைத் திறந்தாள். கேம்தான். ஒரு லாரி, நாலுவழிச் சாலை, மழை. மூலையில் விளையாடுகிறவர் முகம் தெரிய வேண்டிய சின்னக் கட்டம் கறுப்பாக இருந்தது. லாரி நேராகப் போகவில்லை. இடமும் வலமுமாக நெளிந்து, தடுப்பை உரசிக்கொண்டு போனது. மேக்ஸ்வெல் இப்படி ஓட்ட மாட்டான். அவன் ஓட்டினால் கண்ணாடி மேல் ஊற்றிய எண்ணெய்போல் போகும்.

பிறகு அவன் குரல் கேட்டது. "மெதுவா... மெதுவா. அழுத்தாதீங்க. விடுங்க, இடிச்சா இடிக்கட்டும். நம்ம லாரியா அது?"

சிரிப்புச் சத்தம். இன்னொருவர் மூச்சு விடும் சத்தம். வேறு பேச்சு இல்லை.

ரெனிட்டா அந்த இடத்தை மறுபடி ஓட்டிக் கேட்டாள். அவனுடைய நண்பர்களை அவன் டா போட்டுத்தான் பேசுவான். இது பெரியவர் ஒருவர். அவளும் அம்மாவும் இல்லாத நேரத்தில், மூன்று நாளாக, தினமும் யாரோ ஒரு பெரியவர் இந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். பழைய சாமான் வியாபாரியா? இவனை வைத்து வேறு ஏதாவது செய்கிறானா? வரட்டும், இன்றைக்கும் ஒன்பதரைக்கு வருவான்.

மணி பார்த்தாள். ஒன்பது பதினைந்து.

வீடியோவை மூடினாள். ஸ்க்ரூ டிரைவரை இருந்த இடத்தில் வைத்துவிட வேண்டும் என்று சமையலறைக்குப் போனாள். டப்பாவுக்குப் பக்கத்தில் குக்கர் கவிழ்த்து வைத்திருந்தது. கைப்பிடி அவள் பக்கம் திரும்பியிருந்தது.

கைப்பிடியின் ஸ்க்ரூ தலைமேல் ஒரு சிவப்புக் கோடு.

அவள் குக்கரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தலையில் தொடங்கி, விளிம்பில் இறங்கி, கைப்பிடியில் முடிந்தது. ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல் நேர்.

நிமிர்ந்து பார்த்தாள். மின்விசிறியின் போல்ட்டில் ஒரு கோடு. கேஸ் டியூப் கிளிப்பில் ஒன்று. மாதா படம் தொங்கும் ஸ்க்ரூவில் ஒன்று. நினைவு தெரிந்த நாளில் இருந்து இந்தக் கோடுகளுக்கு நடுவில்தான் வளர்ந்திருக்கிறாள். அதனாலேயே ஒருநாளும் கண்ணில் பட்டதில்லை.

ஏழாம் வகுப்பில் அவளுக்குச் சைக்கிள் வாங்கியபோது, அப்பா யேசுராஜ் ஒவ்வொரு நட்டாக முடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இழுத்தார். "லைன்ல எங்க வேலை இதான் பாப்பா. முடுக்கிட்டா ஒரு கோடு. நாளைக்கு இது லூசானா கோடு ரெண்டா விலகிடும். தூரத்துல இருந்து பாத்தாலே தெரிஞ்சிடும்." இருபத்துநாலு வருடமாக அதே வேலை. ஒரு நாளைக்கு நானூறு கோடு. வீட்டில் எதை முடுக்கினாலும் அந்தக் கை தானாகப் பேனாவைத் தேடும்.

அவளுடைய கம்பெனியில் சிவப்புக் கோடு என்றால் கழித்துக்கட்டியது. அவருடைய கம்பெனியில் சிவப்புக் கோடு என்றால் சரியாக இருக்கிறது. இத்தனை நாள் ஒரே வீட்டில் சாப்பிட்டும் அவளுக்கு அது தோன்றவே இல்லை.

மேக்ஸ்வெலோடு உட்கார்ந்திருந்தவர் அப்பா.

அப்படியானால் திங்கட்கிழமை பதினொன்று இருபதுக்கு அப்பா ஷிப்ட்டில் இல்லை. செவ்வாய்க்கிழமை இல்லை. நேற்றும் இல்லை. ஆஞ்சப்பனின் கையில் அசையாமல் தொங்கிய பால் பாக்கெட் கண்முன் வந்தது. பாதி டம்ளர் டீ வந்தது. சட்டையில் சொட்டிய மெழுகு வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிக்கும்போது இருமிக்கொண்டே அப்பா எழுந்து வெளியே போனது வந்தது. அதே பூசையில், எப்போதும் நற்கருணையைக் கையில் வாங்குகிறவர், அன்று வாயைத் திறந்து நாவில் வாங்கினார். வரிசையில் பின்னால் நின்றவள் அவள்தான். பார்த்தாள். அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.

ஒவ்வொன்றும் தனியாகச் சின்ன விஷயம். ஒன்றாகச் சேர்த்தால் என்ன வருகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாகவும் இருந்தது.

குக்கரோடு கூடத்துக்கு வந்து தரையில் உட்கார்ந்து, இஸ்திரி மேசையின் இழுப்பறையைத் திறந்தாள். சிவப்பு பெயின்ட் பேனா உள்ளே இருந்தது.

வாசலில் பைக் நிற்கும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு மழை வேணாம், வெயில்ல ஓட்டலாம்," என்று மேக்ஸ்வெலின் குரல். "நேத்து குருபரப்பள்ளி மாதிரி ஒரு எடத்துல கவுத்தீங்களே, அங்கருந்து ஆரம்பிப்போம்."

"அது என் தப்பில்லடா. அந்தக் கார்க்காரன் குறுக்க வந்தான்."

"அது கம்ப்யூட்டர் ஓட்டுற கார்ப்பா. அது யார் குறுக்கயும் வராது."

சாவி பூட்டைத் தேடிச் சுற்றிலும் உரசியது. பிறகு நின்றது. "குடுங்க, நான் தொறக்கறேன்," என்றான் மேக்ஸ்வெல். பூட்டே இல்லை என்பதை இருவரும் ஒரே நேரத்தில் பார்த்திருக்க வேண்டும். பேச்சு நின்றது.

கதவு திறந்தது.

நீலச் சட்டை, கம்பெனிப் பை, சாப்பாட்டுக் கேரியரோடு அப்பா நின்றார். சட்டையின் கைப்பக்கம் புதிதாக ஒரு சொட்டு மெழுகு. பக்கத்தில் மேக்ஸ்வெல். தரையில் திறந்து கிடந்த தகரத்தையும், அதன் முன்னால் அடையாள அட்டையோடு உட்கார்ந்திருந்த ரெனிட்டாவையும் இருவரும் பார்த்தார்கள்.

"அக்கா, நீ கம்பெனிக்குப் போகல?"

"நீ காலேஜுக்குப் போகல. அப்பா ஷிப்ட்டுக்குப் போகல. இந்த வீட்டுல அம்மா மட்டும்தான் சொன்ன எடத்துக்குப் போறாங்க போலிருக்கு."

மேக்ஸ்வெல் கதவைச் சாத்தினான்.

"கம்ப்யூட்டர யாரு மாட்டினது, மேக்ஸ்?"

"நான்தான்னு சொன்னேன் இல்ல."

"கோடு யார் போட்டது?"

"அதுவும் நான்தான். ஸ்டைலுக்கு."

ரெனிட்டா கழற்றிய இரண்டு ஸ்க்ரூவையும் தரையில் கிடந்த தகரத்தின் துளைகளில் செருகிவிட்டுப் பேனாவை நீட்டினாள். "போட்டுக் காட்டு. இந்தத் தகரத்து ஸ்க்ரூவுல ஒண்ணு போடு, பாக்கறேன்."

"என்னக்கா, பரீட்சையா?"

"ஆமா."

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா தரையைப் பார்த்தார். மேக்ஸ்வெல் மண்டியிட்டு, பேனாவைத் திறந்து, ஸ்க்ரூவின் மேல் ஒரு கோடு இழுத்தான். ஒரே இழுப்பு. நூல் பிடித்ததுபோல் நேர்.

அவனுக்கே தெரிந்துவிட்டது. பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"இது ரொம்ப நேரா இருக்குடா," என்றாள் ரெனிட்டா மெதுவாக. "ஆறாவது ஸ்க்ரூவுல இருக்கிறத நீ முயற்சி பண்ணாக்கூட உன்னால போட முடியாது."

"விடுக்கா."

"தெனமும் காலையில அவரு எங்க போறாரு?"

"கெபிக்கு," என்றான் மேக்ஸ்வெல், தலை நிமிராமல். "மாதா செலைக்கு முன்னாடி மெழுகுவத்தி ஏத்திட்டு உக்காந்திருப்பாரு. நீங்க ரெண்டு பேரும் போன அப்புறம் நான் போய்க் கூட்டிட்டு வருவேன். ரெண்டு வாரம் முன்னாடி வழியில பாத்தேன். யாருக்கும் சொல்லாதன்னாரு. அவ்ளோதான். இதுக்கு மேல என்னக் கேக்காத."

"நான் உன்னக் கேக்கல."

யேசுராஜ் கேரியரைக் கீழே வைத்தார். மூடி டம்ளரில் பட்டுக் கலகலத்தது. வைத்த பிறகும் ஒரு நொடி கலகலத்தது. வந்து மகனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, அவன் கையில் இருந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.

"அப்பா, வேணாம்ப்பா," என்றான் மேக்ஸ்வெல்.

"இருடா. இன்ஸ்பெக்டர் பாக்குது."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த ஸ்க்ரூவை நோக்கிக் குனிந்தார். பேனா முனை தகரத்தில் பட்டது. டக். மறுபடி, டக் டக். மூடிய வீட்டுக்குள் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. கோழி தானியம் கொத்துவதுபோல் தகரத்தை முனை கொத்திக்கொண்டே இருந்தது. ஸ்க்ரூவைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. ஒன்றும் கோடாகவில்லை.

ரெனிட்டா குக்கரை இன்னும் மடியில் வைத்திருந்தாள். அதன் கைப்பிடியை இறுகப் பிடித்தாள்.

"போதும்ப்பா," என்றாள்.

அவர் நிறுத்தினார். பேனாவை மகனிடம் கொடுத்தார். வலது கையை இடது கைக்குள் வைத்து மூடி, மகளை நிமிர்ந்து பார்த்தார். குரல் மட்டும் நேராக இருந்தது.

"மூணு ஓலையும் படிச்சு முடியட்டும்னு இருந்தேன் பாப்பா. அதுக்குள்ள நீ புடிச்சிட்ட." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "என் கை நடுங்குது. கம்பெனியில என்னைய லைன்ல இருந்து எடுத்து வீட்டுக்கு அனுப்பி, இன்னையோட நாப்பத்தியொரு நாள்."